விழுந்தவருக்கு எப்படித் தங்கம்?

கண்டி வாவி ஒருநாளும் உறையப்போவதில்லை. ஆனாலும் குளிர்கால ஒலிம்பிக் வந்துவிட்டால், டீவியில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: விழுந்தவர் முன்னுக்கு, விழாதவர் பின்னுக்கு, இது என்ன கணக்கு? பேராதனை வீதிப் பக்கம் ஒரு கொத்துக் கடையில் நின்றால் விளங்கிவிடும்.

பலகையில் முட்டைக் கொத்துக்கு ஒரு விலை, சீஸ் கொத்துக்கு அதைவிடக் கூட. கல்லில் தகடு அடிப்பவரின் கைப்பக்குவம் அந்த விலையில் சேராது. ஸ்கேட்டிங்கிலும் ஒவ்வொரு தாவலுக்கும் பலகை விலை உண்டு. மூன்றரைச் சுற்று ட்ரிப்பிள் ஆக்ஸல் 8.00. நாலரைச் சுற்று குவாட் ஆக்ஸல் 12.50, அதைப் போட்டியில் முதன்முதலாகச் சரிவரச் செய்தவர் அமெரிக்காவின் இலியா மாலினின், 2022இல்.

ருசி பார்ப்பது நடுவர்கள். ஒன்பது பேர் −5 முதல் +5 வரை போடுவார்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. ஒரு படி என்பது பலகை விலையில் பத்திலொன்று. குவாட் ஆக்ஸல் போட்டு விழுந்தால் 12.50இல் 6.25 போகும், விழுந்த குற்றத்துக்கு இன்னொரு புள்ளி போகும், மிஞ்சுவது 5.25. எல்லோரும் மெச்சும் ட்ரிப்பிள் ஆக்ஸலுக்கோ 12.00! சீஸ் கொத்தைக் கருக்குவதைவிட முட்டைக் கொத்தைப் பதமாக இறக்குவது லாபம்.

பெயர் மாற்றி விற்கவும் வழியில்லை. சப்பாத்தின் அலகு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்பு. அடிப்பக்கம் நீளவாக்கில் குழிவாகத் தீட்டியிருப்பதால் இரண்டு விளிம்புகள். வெளி விளிம்பில் எழும்பினால் லட்ஸ், உள் விளிம்பில் எழும்பினால் ஃபிளிப். மூன்று சுற்றென்றால் லட்ஸுக்கு 5.90, ஃபிளிப்புக்கு 5.30. கால் கடைசி நேரத்தில் உள்ளே சாய்ந்ததா என்று மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு வீடியோவை ஓட்டிப் பார்த்து விலையைக் குறைத்துவிடும்.

முன்பு பலகையே இல்லை, 6.0 வரை நடுவர் நாக்குத்தான் தீர்ப்பு. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் வெடித்த ஊழல், ரஷ்யர்களோடு கனடியருக்கும் தங்கம் கொடுத்து முடிந்தது. இன்றைய முறை 2004இல் வந்தது அதன் பிறகுதான்.

2014 சோச்சியில் ஜப்பானின் யுசுரு ஹன்யு கடைசி நாளில் இரண்டு தடவை விழுந்தும் தங்கம் எடுத்தார். அப்போதைய விலைப்பட்டியல் வேறு, ஆனால் இரண்டு நாள் புள்ளியையும் கூட்டித்தான் பதக்கம் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. முதல் நாளே 101.45 எடுத்து வைத்திருந்தார். அவரைத் துரத்திய கனடாவின் பேட்ரிக் சானும் அன்றைக்குத் தடுமாறினார்.