சொல்தா தாத்தாவின் திதி

இன்னைக்கு எங்க வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குறேன்.

என் பாட்டிக்கு ஊர் பண்டசோழநல்லூர். அவங்க அண்ணன் ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். இந்தோசீனாவுக்குப் போனவர் திரும்பி வரலை. 'சண்டையில செத்துட்டார்'னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். தேதி தெரியாததால, வருஷா வருஷம் மகாளய அமாவாசை அன்னைக்குத்தான் அவருக்கும் சேர்த்துப் படையல்.

அப்போ புதுச்சேரியும் வியட்நாமும் பிரான்ஸ் கையில இருந்துச்சு. 1946-லிருந்து 1954 வரை நடந்த இந்தோசீனா போருக்கு மொராக்கோ, அல்ஜீரியா, செனகல்னு தன்னோட காலனிகள்ல இருந்தெல்லாம் பிரான்ஸ் ஆள் அனுப்புச்சு. புதுச்சேரிக்காரங்களும் போனாங்க.

பிரான்ஸ் பாதுகாப்பு அமைச்சகம் 'மெமுவார் தெஸ் ஓம்'னு ஒரு வெப்சைட் நடத்துது. போர்ல இறந்தவங்க பதிவுகளை அதுல இலவசமா தேடலாம். தாத்தா பேரைப் போட்டேன், வரலை. பிரச்சினை ஸ்பெல்லிங். நாம 'யூ' எழுதுற இடத்துல பிரெஞ்சுக்காரங்க 'ஓ', 'யூ' ரெண்டையும் சேர்த்து எழுதுவாங்க. நமக்கு இனிஷியல் போதும், அவங்களுக்குக் குடும்பப் பெயர் வேணும். அப்பா பேரை முன்னால போட்டு மாத்தி மாத்தித் தேடினேன். கடைசியில கிடைச்சது.

இடம், டோங்கின். அதாவது வட வியட்நாம். தேதி, 1954 ஜூன் கடைசி வாரம். காரணம்: 'சிறைப்பட்ட நிலையில் மரணம்'.

இந்த மூணு சொல்லுக்கு என்ன அர்த்தம்? அந்த வருஷம் மே 7-ஆம் தேதி தியன் பியன் பூ கோட்டை விழுந்தப்போ, பிரெஞ்சுத் தரப்புல பத்தாயிரம் பேருக்கு மேல பிடிபட்டாங்க. காட்டு வழியா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்துதான் முகாம் போய்ச் சேரணும். கொஞ்சம் அரிசிச் சோறு, மருந்து கிடையாது. சீதபேதி, மலேரியா, பெரிபெரி. சில மாசம் கழிச்சு உயிரோட ஒப்படைக்கப்பட்டவங்க சுமார் 3,300 பேர்தான். மற்ற முகாம்கள்லயும் பசியும் நோயும்தான் நிறைய பேரைக் கொன்னுச்சு.

ஜூலையில ஜெனீவா ஒப்பந்தம் ஆச்சு. அடுத்த ரெண்டு மாசத்துல கைதிகள் வெளியே வந்தாங்க. தாத்தா ஜூன்ல போயிட்டார்.

இன்னொரு விஷயம். பண்டசோழநல்லூர் இருக்கிற நெட்டப்பாக்கம் கொம்யூன், அந்த மார்ச் கடைசியிலேயே பிரெஞ்சு ஆட்சியை உதறிடுச்சு. அக்டோபர் 18-ல கீழூர்ல வாக்கெடுப்பு, 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேர ஓட்டுப் போட்டாங்க. தாத்தா பிரான்ஸுக்காக முகாம்ல கிடந்தப்போ, அவர் ஊர்ல பிரான்ஸ் இல்லை.

உங்க வீட்டிலயும் ஒரு சொல்தா இருந்தா, பிறந்த தேதி, அப்பா பேர், பழைய பென்ஷன் காகிதம் மூணையும் முதல்ல எடுத்து வைங்க. பதிவு கிடைச்சதும், பிரான்ஸ்ல கான் நகரத்துல இருக்கிற போர் பலியானோர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

பாட்டிகிட்ட தேதியைச் சொன்னேன். பாட்டி அழலை. பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஆனி மாசத் தேய்பிறை. இந்த வருஷம் அண்ணனுக்குத் தனியா இலை போட்டாங்க.