விதைக்கு ஞாபகம் உண்டா?

"வறட்சியில தாக்குப்பிடிச்ச செடியோட விதையை எடுத்து வச்சா, அடுத்த வெள்ளாமையும் வறட்சியைத் தாங்குமா?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இயற்கை விவசாயத்துக்கு மாறும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மழை பட்டம் தப்பிப் பெய்கிற இந்தக் காலத்தில் அவசியமான கேள்வி. கொஞ்சம் ஆமாம், கொஞ்சம் இல்லை என்பதுதான் பதில்.

நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒன்றுதான். எந்த மடையைத் திறக்கிறோம், எதை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்து நனையும் வயல் மாறும். செடியும் அப்படித்தான். வேர், இலை, பூ எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. மெத்தில் என்ற சிறு வேதிக்கூறு டி.என்.ஏ.வில் ஒட்டினால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிவிடும். விலகினால் வேலை செய்யும். எழுத்து மாறாது, மடை மட்டும் மாறும். வெயில், வறட்சி, உப்பு, பூச்சிக்கடி எல்லாம் இந்த மடைகளைத் திறக்கும், அடைக்கும். இதைப் படிக்கும் துறைதான் எபிஜெனிடிக்ஸ். 1942-ல் கான்ராட் வாடிங்டன் வைத்த பெயர்.

இந்த மாற்றம் விதைக்குள் போகுமா? பெரும்பாலும் விதை உருவாகும்போது அழிந்துவிடுகிறது. குளிர்காலக் கோதுமை குளிரை அனுபவித்த பிறகுதான் பூக்கும். அந்தக் குளிரைச் செடி ஞாபகம் வைத்திருக்கும். அதன் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. அதுவும் மறுபடி குளிரைப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் சில மாற்றங்கள் நிலைத்தும் விடுகின்றன. அதற்குச் சாட்சி நம்ம ஊர்ப் பருத்தியே. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகங்கள், ராஜபாளையம் மில்களில் நூலாகும் பருத்தியில் பெரும்பங்கு எல்லாம் மெக்சிகோ பக்கம் பிறந்த அமெரிக்கப் பருத்தி இனம். அதன் காட்டு மூதாதை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். நாமோ மாசிப்பட்டத்தில் விதைத்து, பகல் நீளும் சித்திரை, வைகாசியில் பூவை எதிர்பார்த்து நிற்கிறோம். இது எப்படி முடிந்தது? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சென் குழு 2017-ல் விளக்கியது. பூக்கும் காலத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் காட்டுப் பருத்தியில் மெத்தில் அடைப்பு இருக்கிறது. பயிர்ப் பருத்தியில் அது விலகி, மரபணு வேலை செய்கிறது. விதை எடுத்து வைத்த அந்தக்கால உழவருக்கு மெத்தில் தெரியாது. தனக்கு ஏற்ற காலத்தில் பூத்த செடியைப் பார்த்து எடுத்தார், அவ்வளவுதான்.

நமக்கான பாடமும் இதுதான். மாறியது எழுத்தா, மடையா என்று கண்ணால் காண முடியாது. தொடர்ந்து தேர்ந்தெடுத்தால் இரண்டில் எது நிலைக்கக்கூடியதோ அது நம் கையில் தங்கும். ஒரு வருட வறட்சி விதையைப் பக்குவப்படுத்திவிட்டது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது:

வரப்போரம், வாய்க்காலோரம் செழித்த செடியை விட்டுவிடுங்கள். அது தண்ணீரின் புண்ணியம். நடுவயலில், பக்கத்துச் செடி வாடியபோதும் நின்று காய்த்ததற்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

ஒரே செடியில் எடுக்காதீர்கள். முப்பது நாற்பது செடிகளில் நன்கு வெடித்த காய்களை எடுத்துக் கலந்து வையுங்கள்.

அடுத்த பட்டத்தில் பழைய விதையையும் புது விதையையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து ஒப்பிடுங்கள். நாலைந்து வருடம் தொடர வேண்டும்.

மானாவாரிக் கரிசலுக்குக் கருங்கண்ணி நல்ல தொடக்கம். அது வேறு இனம் என்பதால் பக்கத்துக் காட்டு பி.டி. பருத்தியின் மகரந்தம் எளிதில் சேராது.

வீரிய ஒட்டு விதையில் இந்த வேலை நடக்காது. அதன் அடுத்த தலைமுறை பல குணமாகப் பிரிந்துவிடும். வருடா வருடம் பாக்கெட் வாங்கினால், நம் மண்ணும் வெயிலும் சொல்லிக்கொடுத்தது எதுவும் அடுத்த விதைப்புக்கு வந்து சேராது.