அடுத்த வாட்சிலாவது பேட்டரி நிற்குமா?

ஸ்மார்ட்வாட்ச் வைத்திருப்பவரிடம் அடுத்த மாடலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பேட்டரி கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்பார். 2015-இல் வந்த முதல் ஆப்பிள் வாட்சுக்கு நிறுவனம் சொன்ன கணக்கு 18 மணி நேரம். 2024-இல் வந்த சீரிஸ் 10-க்கும் அதே 18தான். கம்ப்யூட்டரில் ராம் கூட்டினாலும் புதிய புரோகிராம்கள் அதைத் தின்றுவிடும் அல்லவா? இங்கும் அதே கதைதான். புதிய சிப் மிச்சப்படுத்திய மின்சாரத்தை ஜிபிஎஸ், செல்போன் இணைப்பு, எப்போதும் அணையாத திரை எல்லாம் செலவழித்துவிட்டன. 2020-இல் தூக்கத்தைக் கணக்கிடும் வசதியும் வந்தது. இரவிலும் கட்டியிருந்தால் எப்போது சார்ஜ் செய்வது? 2025-இல் சீரிஸ் 11-இல்தான் 24 மணி நேரம் கிடைத்தது. எனவே வாங்கும்முன் எத்தனை மணி நேரம் நிற்கும், எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஆகும் என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? செட்டிங்ஸில் ஆல்வேஸ் ஆன் வசதியை நிறுத்திப் பாருங்கள்.