அழுக்கு உறையோடு போகட்டும்

2025 அக்டோபரில், ஜெய்ப்பூரிலிருந்து அகமதாபாதின் அசார்வா நிலையத்துக்குச் செல்லும் ரயிலின் ஏ.சி. பெட்டிகளில் ஒரு புதுமை அரங்கேறியது. கம்பளிக்கு உறை! சாங்கனேரி பாணியில் பூக்கள் அச்சிட்ட, துவைக்கக்கூடிய துணி உறை. ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இந்தச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தலையணைக்குப் போடுவதுபோல் கம்பளிக்கு ஓர் உறை போட அமைச்சர் வர வேண்டுமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அந்தத் துணிக்குப் பின்னால் பல ஆண்டுகளின் முணுமுணுப்பு இருக்கிறது.

2016 பிப்ரவரியில் அன்றைய ரயில்வே இணை அமைச்சர் மனோஜ் சின்ஹா மாநிலங்களவையில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். விரிப்புகளும் தலையணை உறைகளும் தினமும் துவைக்கப்படுகின்றன. கம்பளிகளோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். அப்படியானால் பயணிகள் தங்கள் படுக்கையைத் தாங்களே சுமந்துவந்த பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டியதுதானா என்ற கேள்வி அவையிலேயே எழுந்தது. 2017-இல் வெளிவந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இன்னும் சங்கடம் தந்தது. அந்த இரண்டு மாதக் கெடுவும் பல இடங்களில் ஏட்டளவில்தான் இருந்தது. கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட படுக்கை வசதி 2022 மார்ச்சில் திரும்பியபோது, கூடவே பழைய சந்தேகமும் திரும்பியது. 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட பதில்: கம்பளி மாதம் ஒருமுறையாவது துவைக்கப்படுகிறது, அதன்மீது போர்த்திக்கொள்ளக் கூடுதலாக ஒரு விரிப்பும் தரப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். மாதம் ஒரு சலவை, இரவுக்கு ஒரு பயணி என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த சலவைக்குள் ஒரே கம்பளியை முப்பது பேர் போர்த்திவிடலாம். தனியாகத் தரப்படும் விரிப்போ பாதி ராத்திரியில் நழுவிக் கீழே கிடக்கும்.

தினமும் துவைத்துவிட்டால் என்ன? கம்பளி அதற்கு இடம் தராது. ஆட்டுரோமத்தின் மேற்பரப்பில் மீன் செதில்போல நுண்ணிய அடுக்குகள் உண்டு. வெந்நீரில் போட்டு அலசினால் இவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து அட்டைபோல் ஆகிவிடும். ரயில்வே எடை குறைந்த, துவைக்க எளிதான கம்பளிகளுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வட இந்தியக் குடும்பங்கள் இந்தப் பிரச்னையை எப்போதோ தீர்த்துவிட்டன. பஞ்சு ரஜாயைத் துவைக்க முடியாது. நனைந்தால் உள்ளிருக்கும் பஞ்சு கட்டிகட்டியாகத் திரளும். காயப் பல நாளாகும். அதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். எனவே ரஜாய்க்கு ஒரு உறை. அழுக்கு உறைக்கு, வெயில் ரஜாய்க்கு. தீபாவளிக்கு முன்பு மொட்டைமாடியில் ரஜாய்களை விரித்து, திருப்பிப் போட்டு, தடியால் தட்டி எடுப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துனியா வருவார். இறுகிப்போன பஞ்சைப் பிரித்து, வில் நாணால் கொட்டிப் பஞ்சைப் பூவாக்கித் திரும்ப நிரப்பித் தருவார். இப்போது பல ஊர்களில் அந்த வில்லின் இடத்தை மோட்டார் இயந்திரம் பிடித்துவிட்டது.

வெயிலில் வைப்பது வெறும் சம்பிரதாயமல்ல. படுக்கையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் நம் உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உயிர் வாழ்கின்றன. உலர்ந்த சூடு அவற்றைக் கொல்லும். ஆனால் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுவது பெரும்பாலும் அவற்றின் கழிவுதான். அது வெயிலில் மறைவதில்லை. தட்டி உதற வேண்டும், துவைக்கும் துணியானால் துவைத்துப் போக்க வேண்டும். வீட்டில் இளைப்பு உள்ள குழந்தை இருந்தால், உதறும் நேரத்தில் அது மாடியில் நிற்கக் கூடாது.

இன்று ஏ.சி. படுக்கையறைகளின் தயவில் ‘டூவே’ என்ற மென்மெத்தைப் போர்வை தில்லியிலிருந்து சென்னைவரை வந்துவிட்டது. ரஜாயின் ஐரோப்பியப் பங்காளி இது. உள்ளே பறவை இறகோ, மைக்ரோஃபைபர் என்னும் செயற்கை இழையோ இருக்கும். உறையில்லாமல் போர்த்தும் பொருளல்ல இது. கடையில் அடுக்கிவைத்திருக்கும் ‘கம்ஃபர்ட்டர்’ உறையின்றியே போர்த்துவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு டூவேயை அப்படியே போர்த்துகிறவர்கள் சில மாதத்தில் கழுத்துப் பக்கம் மஞ்சள் கறையைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

முறை எளிது. உறையை வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரு வாரத்துக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீர் நல்லது. அந்தச் சூட்டில் தூசிப்பூச்சி பிழைக்காது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜிப்பையோ பொத்தான்களையோ மூடிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள சாக்ஸ், கைக்குட்டை எல்லாம் உறைக்குள் குடிபுகுந்து அழுக்கோடு வெளியே வரும். சாங்கனேரி போன்ற அச்சுத் துணிகளை முதல் சில தடவை குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

உள்ளிருக்கும் டூவேக்கு ஆண்டில் ஒன்றிரண்டு சலவை போதும். செயற்கை இழையானால் பெரிய இயந்திரத்தில் மிதமான சூட்டில் துவைக்கலாம். டூவேயைப் போட்ட பிறகும் டிரம்முக்குள் இடம் மிச்சமிருக்க வேண்டும். திணித்துத்தான் மூட வேண்டியிருந்தால் அந்த இயந்திரம் போதாது. சோப்பு வழக்கத்தில் பாதி, அலசல் ஒருமுறை கூடுதல். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டாம். இழைகளில் படிந்து காற்றைப் பிடித்துவைக்கும் திறனைக் கெடுக்கும். இறகு டூவேயைப் பெரிய சலவையகத்திடம் ஒப்படைப்பது புத்திசாலித்தனம். பஞ்சு ரஜாயைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

துவைப்பதைவிடக் கஷ்டம் உலர்த்துவது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் பதுங்கியிருக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பி, உதறி, உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஜில்லென்றோ கட்டியாகவோ தட்டுப்பட்டால் இன்னொரு நாள் வெயில் தேவை. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

உறை மாட்டுவதற்கு இருவர் மல்லுக்கட்டத் தேவையில்லை. உறையை உள்வெளியாகத் திருப்பி, அதற்குள் கைகளை விட்டு மேல் முனைகள் இரண்டையும் பிடியுங்கள். அப்படியே டூவேயின் இரு முனைகளைக் கவ்வி உதறினால் உறை தானாக இறங்கும்.

குளிர் போனபின் கட்டிப்போடும்போதுதான் அதிகத் தவறு நடக்கிறது. பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மிச்ச ஈரம் பூஞ்சணமாகும். பழைய பருத்திச் சேலையிலோ துணிப்பையிலோ சுற்றிவைப்பதே சரி. அந்துருண்டை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பழைய அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. எனவே கைக்குழந்தை உள்ள வீட்டுப் படுக்கைத் துணியில் அந்துருண்டை வேண்டாம். நன்றாகக் காயவைத்துக் கட்டினாலே பாதிப் பாதுகாப்பு.

ரயிலோ வீடோ, விதி ஒன்றுதான். துவைக்க முடியாததை உள்ளே வை, துவைக்க முடிந்ததை வெளியே போடு. ஆனால் உறை போட்டதோடு வேலை முடிந்துவிடாது. ஆள் மாறும்போது உறையும் மாற வேண்டும். பூப்போட்ட உறையே முப்பது பேரைச் சுற்றி வந்தால், அதுவும் பழைய கம்பளிதான்.