ஓடுகிற கணினியை ஏன் மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கணினி அதன் பிறகும் ஓடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

விண்டோஸ் 11-இன் நிரல்களில் பெரும்பகுதி 10-இலும் உள்ளது. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்ததும், பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட்டு, மாறியது எது என்று தாக்குபவர்களால் கண்டுபிடிக்க முடியும். அதே ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. அதைப் போடாத கணினிகளே சிக்கின.

ஆகவே விண்டோஸ் 11-க்கு மாறுவதே நல்லது. அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். சில்லு இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைந்திருக்கலாம். ‘11-ஐ நிறுவ முடியாது’ என்று கணினி சொல்வதை நம்புமுன் அங்கே பாருங்கள்.

செயலியே பழையதென்றால், கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இலவசம்; தமிழிலும் மராத்தியிலும் பயன்படுத்தலாம். உங்களுக்குத் தேவையான மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை நிறுவினாலும், படங்களையும் ஆவணங்களையும் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்த பிறகே தொடங்குங்கள்.