இல்லாத ஊருக்கு எல்லைக்கல்

சென்ற மாரிகாலத்தில் மாணவனொருவன் தடித்த கொப்பியொன்றை என் மேசையில் வைத்து, "ஐயா, பிழை பார்த்துத் தாருங்கோ" என்றான். ஐந்து பாகங்களாக விரியவிருக்கும் மாயக்கதையொன்றின் முதற் பாகம் அது. மந்திரவாதியர் ஆளும் நாடு, சிறகுள்ள நாகங்கள், அட்டையின் உட்புறத்தில் வண்ணப் பென்சிலால் வரைந்த நிலப்படம். மலைக்கும் ஆற்றுக்கும் அவன் இட்டிருந்த பெயர்களுள் ஒன்றேனும் தமிழ் நாவில் எளிதிற் புரள்வதன்று. ஒற்றுப்பிழைகளைத் திருத்தியபின், "தம்பி, இந்த நாட்டில் மழை எந்த மாதம் பெய்யும்? சனங்கள் எதை விளைவித்து உண்பார்கள்?" என்று வினவினேன். அவன் திகைத்து, "இது கற்பனைதானே ஐயா" என்றான்.

அச்சொல் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. இல்லதனைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. அகப்பொருள் ஒழுக்கம் உலகில் உள்ளதன்று, புலவரால் நாட்டப்பட்டதே என்று இறையனார் களவியலுரை துணிந்து கூறுகிறது. ஆயின் இல்லதனை நாட்டுதற்கு முன்னோர் வகுத்த ஒழுங்கு மிக இறுக்கமானது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அதன்மேல் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலிய கருப்பொருள்கள். அவற்றின் பின்னரே மாந்தரின் உரிப்பொருள். திணைமயக்கம் உண்டே என்பார்க்கு, அம்மயக்கத்துக்கும் விதியுண்டு என்பதே விடை. புதுநாடு ஒன்றைப் படைக்க விரும்புவோனுக்குத் தொல்காப்பியத்தின் இப்பட்டியலினும் சிறந்த கைந்நூல் உண்டோ என ஐயுறுகின்றேன்.

தமிழின் முதல் நாவலாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலேயே (1879) விக்கிரமபுரி என்னும் கற்பனை நகரம் உண்டு. ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் யானையாற் தெரியப்பட்டு அதற்கு அரசாகிறாள். தமிழுக்காக அங்கே எழும் வாதங்கள் இன்றும் சுவைப்பன. எனினும் அந்நகரின் நீதிமன்றத்தை நாம் அறியுமளவுக்கு அதன் வயல்களை அறியோம். ஆசிரியர் முன்சீப்பாக இருந்தவர் அன்றோ!

நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து, 1997 இல், ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' வெளிவந்தது. செந்நீர் ஓடும் சோனா நதிக்கரையில், பள்ளிகொண்ட பேருருவைச் சுற்றி எழுந்த கோயில் நகரம் அது. அவ்வுருவைத் திருமால் என்கின்றனர் வைதிகர். தம் மூதாதையான பெருமூப்பன் என்கின்றனர் தொல்குடியினர். மூன்று பகுதிகளுள் நடுப்பகுதியே காலத்தால் முந்தியது. ஆதலின் முதற் பகுதியிற் புராணமாய்க் கேட்கப்படுவோர் இரண்டாம் பகுதியில் பசியும் ஐயமும் உடைய மனிதராய் நடமாடுகின்றனர். முதற் பகுதியின் மனிதரோ மூன்றாம் பகுதியிற் புராணமாகிவிடுகின்றனர். நகரத்தின் கல்லும் மண்ணும் மட்டுமன்றி, அது தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பொய்களும் படைக்கப்பட்டுள்ளன. இதுவே அந்நூலின் உறுதி. அவ்வாசிரியரே 2014 முதல் 2020 வரை பாரதக் கதையை 'வெண்முரசு' என 26 நாவல்களாக விரித்தார். அதன் சொற்பெருக்கு என்னைச் சிலவிடத்துக் களைப்புறச் செய்தது உண்மை. ஆயினும் பழஞ்சொல்லைத் துடைத்தெடுத்து மீண்டும் புழங்கவிட்ட துணிவை ஒரு தமிழாசிரியன் எங்ஙனம் குறைகூறுவான்?

ஆங்கிலத்தில் இத்துறைக்கு முதல்வராக எண்ணப்படும் ஜே. ஆர். ஆர். டோல்கீனும் எம்மனோரே. 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிப் பணியிலிருந்து சொற்களின் வேர் தேடியவர். பின்னர் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர். பின்லாந்து மொழியின் ஓசையைத் தழுவி ஒன்றும், வேல்சு மொழியின் ஓசையைத் தழுவி ஒன்றுமாக இரு மொழிகளைப் புனைந்தார். அவற்றைப் பேசுவார்க்கு ஓர் உலகு வேண்டுமே என்று கதைக்கு வந்தார். 1954, 1955 இல் மூன்று பாகங்களாக வெளிவந்த அவர்தம் பெருங்கதையில், நிலவின் பிறை கூட வழிநடைக்கு ஒத்து வளர்ந்து தேயுமாறு கணக்கிட்டுத் திருத்தினார்.

மாயத்துக்குக் கணக்கெதற்கு என்பவர் வற்றாப்பளைக்கு ஒருமுறை சென்று வரலாம். கண்ணகியம்மன் பொங்கலுக்கு முன்னர், சிலாவத்தைக் கடலிலே முறைப்படி எடுத்த நீர் முள்ளியவளை காட்டுவிநாயகர் கோயிலுக்கு வந்து, அங்கே விளக்கு எரிகிறது. குறித்த நாள், குறித்த துறை, குறித்த கை. எல்லா நாளும் எவர் கையாலும் எரியுமாயின் அது அற்புதமன்று, மண்ணெண்ணெய்.

பெயரும் அத்தகையதே. குரக்கன் அரிந்தபின் நின்ற ஒட்டைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டது. அதனால் இவ்வூர் ஒட்டுசுட்டான், இறைவன் தான்தோன்றீசுவரர் என்பது ஐதிகம். ஓர் உழவனின் ஒரு நாள் வேலை ஊர்ப்பெயராய் நிற்கிறது. அயலிலுள்ள கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் கல் நாட்டினர். தோல்வியைச் சொன்ன அக்கல்லின் வாசகத்தை மீறி, வன்னியனின் வீரம் நாடகங்களாய் வளர்ந்தது. மனிதன் கதையாகும் வித்தையைக் காண யாம் சோனா நதிக்கரைக்குப் போகவேண்டியதில்லை.

அங்ஙனமாயின் எம் பிள்ளைகள் அற்புதம் வேண்டிப் பிறநாட்டுப் பெயர்களை நாடுவதேன்? குற்றம் அவர்களுடையதன்று. 2009 ஆம் ஆண்டுப் போரில் வன்னிச் சனங்கள் ஊர்களை விட்டு நீங்கி, முகாம்களில் இருந்து, பின் மீண்டனர். வயற்றுண்டுகளுக்கும் காட்டுவழிகளுக்கும் வழங்கிய சிறுபெயர்கள் பல, அவற்றைச் சொல்லிவந்த முதியோருடனேயே போய்விட்டன. எஞ்சியவற்றைக் கேட்பாருமில்லை. பள்ளியிலோ, கருப்பொருட் பட்டியலைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வித்தோமேயன்றி, அதைக்கொண்டு ஒரு நாட்டையே கட்டலாமென்று சொன்னோமில்லை. இத்தனை ஆண்டு கற்பித்த யானும் சொல்லவில்லை. அந்த மாணவன் 'கற்பனைதானே' என்றது எனக்குச் சுட்டது அதனாலேயே.

தைப்பொங்கல் கழிந்தபின் அவன் வேறொரு கொப்பியுடன் வந்தான். மந்திரவாதியருள் இருவர் குறைந்திருந்தனர். ஆறு வீரையாறு ஆகியிருந்தது. நாகம் மட்டும் சிறகோடு அப்படியே இருந்தது. ஆனால் அது குளத்தில் வந்து நீரருந்த வேண்டும். துலுசு திறக்குமுன் அருந்திவிட்டால் சிறுபோகத்துக்கு நீர் போதாது. வட்டவிதானையார் குளக்கட்டில் நின்று நாகத்துடன் வழக்காடும் பகுதியை யான் இருமுறை படித்தேன். ஒரு பிழை கண்டேன்: மாரிமழையில் விளையும் சேனைக் குரக்கனை அவன் ஆடியில் அரிய விட்டிருந்தான். "அப்ப எந்த மாதம் ஐயா?" என்றான். "என்னைக் கேளாதே, வீட்டில் அம்மம்மாவைக் கேள்" என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்து, அம்மம்மா மாதத்தைச் சொன்னதோடு நில்லாமல், சேனை வெட்டுவது முதல் ஒட்டுச் சுடுவது வரை இரவு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாரென்றும், அதனால் முதற் பாகம் இன்னும் நாற்பது பக்கம் நீளுமென்றும் அறிவித்தான்.