துப்பாக்கி இல்லாத போர்

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு டெல்லியில் தடை செய்தது. இரண்டே நாளில் ‘ஃபௌஜி’ விளையாட்டை அறிவித்தார் நடிகர் அக்‌ஷய் குமார். நிகர வருவாயில் 20 சதவீதம், வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் ‘பாரத் கே வீர்’ அமைப்புக்கு என்றும் வாக்களித்தார். பெங்களூரில் உருவான அது, 2021 குடியரசு தினத்தன்று வெளிவந்தது.

பலம், அதன் களம்: ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட 20 வீரர்கள் 2020 ஜூனில் உயிரிழந்த கல்வான் பள்ளத்தாக்கு. அங்கு நடந்தது போலவே இதிலும் துப்பாக்கியில்லை, கைகலப்புதான்.

பலவீனமும் அதுவே. பப்ஜிக்கு மாற்று தேடிய இளைஞர்களால் நண்பர்களோடு சேர்ந்து சுட்டு விளையாட முடியவில்லை. தனியாளாக ஒரே மாதிரி அடிதடி, சீக்கிரமே சலித்தது. வீரனின் கண்வழியே குறிபார்த்துச் சுடும் ‘ஃபௌஜி: டாமினேஷன்’ வந்தது 2025-ல்தான். தேசபக்தி பதிவிறக்கம் செய்ய வைத்தது; தொடர்ந்து விளையாட வைக்க அது மட்டும் போதவில்லை.